முதுகில் 5, உள்ளே 1: கமலா கானை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

போன வருடம் அக்கா மகளின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்காக ஒரு காமிக்ஸ் புத்தகம் வரவழைத்தேன். ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். கமலா கான் என்ற பதினாறு வயதுப் பெண் நாயகியாக வரும் மிஸ் மார்வெல் தொடர் அவளுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. விற்பனைப் பட்டியலில் "இதழ்கள் 1 முதல் 6 வரை" என்று இருந்தது. 1 என்று பார்த்ததும் வேறு எதையும் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். சேலம் அம்மாபேட்டை வீட்டுக்குப் பார்சல் வந்து பிரித்துப் பார்த்தால் புத்தகத்தின் முதுகில் 5 என்று போட்டிருந்தது. உள்ளே முதல் இதழ், வெளியே ஐந்தாம் புத்தகம். அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து, முதல் பக்கத்தில் அவள் பெயரையும் பிறந்தநாள் தேதியையும் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடுதியிலிருந்து போன் வந்தது. "சித்தி, இதுல எல்லாருக்கும் எல்லாரையும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் யாரையும் தெரியல."

அவள் சொன்னது சரிதான். அது பிழையும் இல்லை. 2014 பிப்ரவரியில் தொடங்கிய மிஸ் மார்வெல் தொடர் 19 இதழ்கள் வந்து 2015-ல் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் அதே எழுத்தாளர், அதே நாயகியோடு புதிய முதல் இதழ் வந்தது. தனி இதழ்களின் எண் 1-க்குத் திரும்பியது. ஆனால் அந்த இதழ்களைத் தொகுத்து வந்த புத்தகங்களுக்கு மட்டும் பழைய வரிசை தொடர்ந்தது. முதல் 19 இதழ்கள் நான்கு புத்தகங்கள். மறுதொடக்கத்தின் முதல் ஆறு இதழ்கள் ஐந்தாவது புத்தகம். ஒரே புத்தகத்தில் இரண்டு எண்கள் வந்தது இப்படித்தான். இரண்டில் கதையின் எண் முதுகில் இருந்த 5. நான் அதை நம்பாமல் மற்றதை நம்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு மழைக்கால விடுமுறையில் மற்ற தொடக்கங்களையும் வரவழைத்து, அவளும் நானும் வரிசையாகப் படித்தோம். கமலா கானுக்கு இன்றைக்குப் பல "முதல் இதழ்கள்" இருக்கின்றன. இங்கே நான் பேசப் போவது நான்கைப் பற்றி: 2014, 2015, 2019, 2023. வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை இருந்து, இந்தத் தொடரை வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு இந்தக் குழப்பம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் வளர்ந்த காமிக்ஸ் வேறு மாதிரி. 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸாகட்டும், 1984-ல் வந்த லயன் காமிக்ஸாகட்டும், பெரும்பாலும் ஒரு புத்தகத்தை எடுத்தால் ஒரு கதை முடிந்துவிடும். என் அப்பா பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை எந்த வரிசையும் பார்க்காமல் வாங்கி வருவார், எங்களுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை. தமிழில் நாம் கொண்டாடுகிற டெக்ஸ் வில்லர் 1948-ல் இத்தாலியில் பிறந்தவர். அங்கே அவருடைய இதழ் எண் 700-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்க சூப்பர் ஹீரோ இதழ்களில் கதை தொடர்ந்து ஓடும், எண் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றாகும். அட்டையில் 1 என்று இருந்தால் புது வாசகர்கள் தயங்காமல் எடுப்பார்கள், கடைக்காரர்களும் கூடுதலாக முன்பதிவு செய்வார்கள். வியாபாரத்துக்கு அது தேவையாக இருக்கலாம். படிக்கப் போகிற பிள்ளைக்கு அந்த எண் எதையும் சொல்வதில்லை.

முதலில் 2014. "நோ நார்மல்" என்ற முதல் புத்தகம். எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. சனா அமனத் என்ற மார்வெல் பதிப்பக ஆசிரியர், நியூ ஜெர்சியில் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண்ணாக வளர்ந்த தன் கதைகளைச் சக ஆசிரியரிடம் சொல்லப் போய், அந்தப் பேச்சிலிருந்து உருவான பாத்திரம் கமலா. இந்த முதல் புத்தகம் 2015-ல் சிறந்த சித்திரக் கதைக்கான ஹியூகோ விருதையும், 2016-ல் பிரான்சின் ஆங்குலேம் விழாவில் சிறந்த தொடருக்கான பரிசையும் பெற்றது.

விருதை விடுங்கள். புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஜெர்சி சிட்டியில் ஒரு சின்னக் கடை. பள்ளி முடிந்து நிற்கிற நான்கைந்து பிள்ளைகள். கமலாவுக்கு அங்கே இருக்கிற பன்றி இறைச்சி சாண்ட்விச்சின் வாசனை பிடித்திருக்கிறது, ஆனால் சாப்பிட மாட்டாள், முகர்ந்து மட்டும் பார்க்கிறாள். வேலை செய்கிற புரூனோ அவளுடைய சின்ன வயது நண்பன். பக்கத்தில் நிற்கிற நாகியா தலையில் முக்காடு போடத் தொடங்கியிருக்கிறாள். அங்கேயே ஸோயி என்ற பெண், அன்பாகப் பேசுவது போலப் பேசி எல்லாரையும் குத்திவிட்டுப் போகிறாள். நான்கு பக்கத்துக்குள் எல்லாரையும் தெரிந்துகொள்கிறோம். வீட்டுக்குப் போனால் அப்பா யூசுஃப், அம்மா முனீபா, எந்த நேரமும் தொழுகையில் இருக்கிற அண்ணன் ஆமிர். ராத்திரி ஒரு விருந்துக்குப் போக வேண்டும் என்கிறாள் மகள், கூடாது என்கிறார் அப்பா. ஜன்னல் வழியாகப் போகிறாள்.

இந்த இடத்தில் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். அந்த விருந்தில் ஒரு பையன் ஆரஞ்சு ஜூஸில் மதுவைக் கலந்து கமலாவிடம் கொடுக்கிறான். அவள் வாயில் வைத்ததும் துப்பிவிடுகிறாள். அக்காவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டுத்தான் புத்தகத்தைக் கொடுத்தேன். அக்கா இரண்டு முறை படித்துவிட்டு, "பரவால்ல, இதை இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதுதான்" என்றாள்.

அதற்குப் பிறகு வருவதுதான் இந்தத் தொடரின் உயிர். ஒரு மூடுபனி நகரத்தைச் சூழ்கிறது, கமலாவுக்குச் சக்தி வருகிறது. உடம்பை நீட்டலாம், சுருக்கலாம், வேறு உருவம் எடுக்கலாம். அவள் முதலில் எடுக்கிற உருவம் தான் கும்பிடுகிற சூப்பர் நாயகி கேரல் டான்வர்ஸ், பொன்னிறத் தலைமுடிக்காரி. எடுத்த பிறகு அது அவளுக்கு ஒத்துவரவில்லை. உடுப்பு சங்கடமாக இருக்கிறது, முடி முகத்தில் விழுகிறது. பிறகு தன்னுடைய நீச்சல் உடையான புர்கினியிலிருந்தே தனக்கென ஒரு உடுப்பைச் செய்துகொள்கிறாள். ஃபேர்னெஸ் கிரீம் விளம்பரங்களைப் பார்த்தே வளர்ந்த நம் ஊர்ப் பெண்பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. என் அக்கா மகள் நல்ல கறுப்பு. அந்தப் பக்கங்களைப் படித்தபோது அவள் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தைத் திருப்பவும் வெகுநேரம் ஆனது.

அப்பா மகளுக்குப் பெயர்க் காரணம் சொல்கிற இடம் ஒன்று இதே புத்தகத்தில் வருகிறது. அரபியில் கமால் என்றால் முழுமை, குறையில்லாதது. நமக்கோ கமலா என்றால் தாமரை. ஏற்காட்டுக்காரர்களுக்கு அதற்கும் முன்னால் ஞாபகம் வருவது கமலா ஆரஞ்சு. சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காப்பிக்கும் மிளகுக்கும் நடுவே காய்ப்பது. அவள் பள்ளித் தோழிகளுக்கு இந்தக் கதையை அறிமுகம் செய்ததே அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லித்தானாம்.

இப்போது 2015-க்கு வருகிறேன். "சூப்பர் ஃபேமஸ்", நான் தெரியாமல் வாங்கிய புத்தகம். இது மோசமான புத்தகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் முதல் புத்தகத்தைவிட எனக்கு இது நெருக்கமானது. சீக்ரட் வார்ஸ் என்ற பெரிய நிகழ்வுக்குப் பிறகு மார்வெல் ஏறக்குறைய எல்லாத் தொடர்களையும் புது எண்ணோடு தொடங்கியது. கதைக்குள் எட்டு மாதங்கள் தாவியிருக்கின்றன. கமலா இப்போது அவெஞ்சர்ஸ் குழுவில் ஒருத்தி. ஊருக்கே தெரிந்த முகம். அந்த முகத்தை அவளைக் கேட்காமலே ஒரு கட்டுமான நிறுவனம் தன் விளம்பரப் பலகையில் போட்டுக்கொள்கிறது. வீடு இழக்கப் போகிறவர்கள் அவளைத் திட்டுகிறார்கள். ஓமலூர் ரோட்டில் போகும்போது மனை விற்பனைப் பலகைகளில் சிரிக்கிற முகங்களைப் பார்த்தவர்களுக்கு இது வேற்று நாட்டுக் கதையாகத் தோன்றாது.

அடுத்து வருவது இன்னும் நெருக்கம். அண்ணனுக்குக் கல்யாண ஏற்பாடு, பள்ளியில் மதிப்பெண் இறங்குகிறது, அவெஞ்சர்ஸ் எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தன்னைப் போலவே உருவங்களைச் செய்ய ஏற்பாடு செய்கிறாள். அவை வாயைத் திறந்தால் சொன்னதையே திரும்பச் சொல்கின்றன, பெருகுகின்றன, கடைசியில் ஊரையே மிதிக்கிற அளவுக்குப் போகிறது. காலையில் ட்யூஷன், பகலில் பள்ளி, மாலையில் மறுபடி ட்யூஷன், நடுவில் மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபத்தில் முகம் காட்ட வேண்டும் என்று ஓடுகிற பத்தாம் வகுப்புப் பிள்ளையை எனக்குத் தெரியும். சேலத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் களைப்பை இவ்வளவு அக்கறையாக எழுதிய சூப்பர் ஹீரோ கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஆனாலும் இதைக் கையில் கொடுத்துத் தொடங்கி வைக்கக் கூடாது. காரணம் புரூனோ. ஐந்தாம் புத்தகத்தில் அவனுக்கு மைக் என்ற தோழி இருக்கிறாள். கமலாவுக்கு அது வலிக்கிறது. ஏன் வலிக்கிறது என்பது நான்காம் புத்தகமான "லாஸ்ட் டேஸ்" கடைசியில், ஒரு மொட்டை மாடிப் பேச்சில் இருக்கிறது. அதே நான்காம் புத்தகத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கிற ஒரு பேச்சும் உண்டு. என்ன பேச்சு என்று சொல்ல மாட்டேன். மூன்று புத்தகங்களாக அம்மாவின் கண்டிப்பைப் படித்துவிட்டு அந்தப் பக்கத்துக்கு வர வேண்டும். ஐந்தில் தொடங்கினால் இரண்டுமே நடந்து முடிந்த சங்கதிகள். கல்யாணத்துக்குப் பந்தி முடிகிற நேரத்தில் போய் உட்கார்ந்தது மாதிரி ஆகிவிடும்.

படத்திலும் வித்தியாசம் உண்டு. அல்ஃபோனா வரைந்த பக்கங்களில் பின்னணிதான் விருந்து. கடை அலமாரியில் இருக்கிற டப்பாக்களின் பெயர்கள், சுவரொட்டிகள், தெருவில் போகிறவர்களின் முகங்கள் எல்லாவற்றிலும் சின்னச் சின்னக் குறும்புகள். மனிதர்கள் கொஞ்சம் கோணலாக, நீளமாக, நிஜமாக இருப்பார்கள். ஐந்தாம் புத்தகத்தில் டகேஷி மியாசாவா, அல்ஃபோனா, நிகோ லியோன் என்று மூன்று பேர் பங்கு போட்டு வரைந்திருக்கிறார்கள். மியாசாவாவின் கோடு சுத்தமானது, ஜப்பானிய மங்கா படித்துப் பழகிய பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிக்கும். அக்கா மகளுக்கு இவர்தான் பிடித்தார். எனக்கு அல்ஃபோனா. இதில் நான் வாதாடவில்லை.

2019-ல் வந்தது "மேக்னிஃபிசன்ட் மிஸ் மார்வெல்". வில்சன் தொடரை விட்டு விலகிய பிறகு சலாதின் அகமது எழுத, மின்கியூ ஜங் வரைந்தது. 18 இதழ்கள். கதை வேற்றுக் கிரகத்துக்குப் போகிறது, அப்பா அம்மாவையும் இழுத்துக்கொண்டு. வேகம் அதிகம், சண்டை அதிகம். அவெஞ்சர்ஸ் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு இது பிடிக்கலாம். பழைய கதை தெரியாமலும் ஓரளவு புரியும். எனக்கு அந்தத் தெருவும் கடையும் வீடும் குறைந்துபோனதாகத் தோன்றியது.

2023 பதிப்பைத் தொடக்கமாக எடுக்கவே வேண்டாம். அந்த ஆண்டு ஸ்பைடர்மேன் தொடரின் ஓர் இதழில் கமலா இறக்கிறாள். பிறகு எக்ஸ்-மென் கதையில் உயிர் பெற்று, மியூட்டன்ட், அதாவது பிறவியிலேயே சக்தி கொண்டவள் என்று புது அடையாளத்தோடு வருகிறாள். தொலைக்காட்சித் தொடரில் கமலாவாக நடித்த இமான் வெல்லானியே சபீர் பிர்சாதாவோடு சேர்ந்து எழுதிய நான்கு இதழ்கள் அவை. ஒரு நடிகை தான் நடித்த பாத்திரத்தை இவ்வளவு நேசித்து எழுத வந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் முன்கதை தெரியாத பிள்ளைக்கு அதில் பிடிமானம் கிடைக்காது.

தொலைக்காட்சித் தொடர் என்றதும் இன்னொன்று. 2022-ல் வந்த அந்த ஆறு பகுதிகளைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வருகிற பிள்ளைகள் முதல் புத்தகத்திலேயே தடுமாறுவார்கள். அங்கே சக்தி கொள்ளுப்பாட்டியின் வளையலோடு வருகிறது, ஒளியாகத் தெரிகிறது. இங்கே மூடுபனியால் வருகிறது, கை நீள்கிறது, முஷ்டி பெரிதாகிறது. கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"கமலா வேண்டாம், பையனுக்கு ஸ்பைடர்மேன்தான் வேண்டும்" என்கிறவர்களுக்கும் இதே பிரச்சினை காத்திருக்கிறது. பதின்வயது ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலஸுக்கு 2011, 2014, 2016, 2018, 2022 என்று ஐந்து முதல் இதழ்கள். அவற்றில் 2018-ல் சலாதின் அகமது தொடங்கியது புதியவர்களுக்கு எளிது. இன்னொரு பொறி "அல்டிமேட் ஸ்பைடர்மேன்" என்ற பெயர். 2000-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் தொடங்கியதில் பீட்டர் பார்க்கருக்கு 15 வயது. இருவரும் சேர்ந்து 111 இதழ்கள் விடாமல் செய்தார்கள், பள்ளிப் பையனுக்கு அருமையான தொடர். அதே பெயரில் 2024-ல் ஜோனதன் ஹிக்மன் எழுதி வந்ததில் பீட்டர் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நல்ல கதைதான், ஆனால் அது அப்பாக்களுக்கான கதை. பெயரை மட்டும் பார்க்காமல் ஆண்டையும் எழுத்தாளரையும் பார்த்து வாங்குங்கள்.

எந்த வடிவத்தில் வாங்குவது என்பதில் எனக்கு அதிகக் குழப்பம் இல்லை. தனி இதழ்கள் சேலத்தில் நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் இருபது பக்கத்தில் கதை அறுந்துவிடும். மார்வெலின் சந்தாச் செயலியில் எல்லாம் படிக்கலாம், டேப்லெட் இருக்கிற வீட்டுக்கு அது சிக்கனம். கைபேசித் திரையில் மட்டும் வேண்டாம், அல்ஃபோனாவின் பாதிப் படம் காணாமல் போய்விடும். விடுதியில் கைபேசியும் கிடையாது என்பதால் எங்களுக்கு ஐந்தாறு இதழ்கள் சேர்ந்த பேப்பர்பேக்தான் சரியாக இருந்தது. மலையில் ஒரு தொல்லை உண்டு. மழை மாதங்களில் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். பளபளப்பான தாள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படித்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் செய்திருக்கிற முடிவு இதுதான்: "நோ நார்மல்", அடுத்து "ஜெனரேஷன் வொய்", "க்ரஷ்டு", "லாஸ்ட் டேஸ்" என்று 2014-ன் நான்கு புத்தகங்களும் வரிசையாக. நான்கையும் ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை. முதல் புத்தகத்துக்கு மட்டும் பணம் இருந்தாலும் அதை மட்டும் வாங்குங்கள், அது தனியாக நிற்கும். பிள்ளைக்கு ஒட்டவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். ஒட்டிவிட்டால் ஐந்தைத் தேடி அவர்களே வருவார்கள்.

நாங்கள் மாதம் ஒன்றாகப் போனோம். கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் பஸ் மூச்சு வாங்கி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு, படித்து முடித்ததைப் பற்றி ஏரிக்கரையில் உட்கார்ந்து பேசிவிட்டு, கடைசி பஸ்ஸுக்குள் இறங்கிவிடுவேன். அவளுக்குத் தட்டுவடை செட்டுக்கு வேண்டியதை அக்கா தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தனுப்புவாள். போன வாரம் நான்காவதைக் கொடுத்தாகிவிட்டது. பிறந்தநாளுக்கு வந்த ஐந்தைப் பாதியில் மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தாள். அது இப்போது என் பீரோவில், அவள் பெயரும் தேதியும் எழுதிய பக்கத்தோடு உறைக்குள் இருக்கிறது. "அடுத்த தடவை வரும்போது அதைக் கொண்டு வந்துருங்க சித்தி" என்று பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் ஓடி வந்து சொன்னாள்.